நீவாடு திரும்பும் மாதம்

தந்தி முதலில் பொழியூருக்குப் போய்விட்டது.
கப்பற்படையில் சேரும்போது
ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்து
விலாசம் எழுதியிருக்கிறான் அண்ணன்.
அந்தச் சீட்டில் இன்னும்
மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார்.

எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்
மூன்று நாள் ஒரு மலையாளத் தபால்காரர்
எஸ்தாக்கியின் அப்பன் பனியடிமையை
வீடு வீடாகத் தேடியிருக்கிறார்.
கல்லுக்கு இந்தப் பக்கம், நீரோடியில்,
அந்த மூன்று நாளும் நாங்கள்
சாளை வறுத்துத் தின்றோம்.
நல்ல நெய்ச்சாளை. நான் சண்டைபோட்டு
ஒன்று கூடுதலாக வாங்கினேன்.

பங்குச்சாமிதான் வாசித்தார்.
நிறுத்தி, மறுபடி வாசித்தார்.
காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது.
அம்மை கேட்டாள்:
"கருதினது ஆரு சாமி?"

அப்பன் கேட்டது வேறு.
"எந்த இடம்? எத்தனை பாகம் ஆழம்?"
தந்தியில் ஆழம் இல்லை.
சௌராஷ்டிரக் கரைக்கு வெளியே
என்று மட்டும் பிறகொரு கடிதம் சொன்னது.
அப்பன் குந்தியிருந்து
மணலில் விரலால் கரையை வரைந்தார்,
அங்கிருந்து இங்கே வரை,
இடையில் கோவா, மங்கலாபுரம், கொச்சி.
பிறகு எழுந்து சொன்னார்:
"மார்கழியிலே நீவாடு வடக்கோட்டு.
ஆனியிலேதான் திரும்பும்.
அதுவரை ஆரும் பூசை வைக்கப்பிடாது."

அப்படியே ஆறு மாதம்.
ஒப்பாரி இல்லாத வீட்டில் எப்படி இருப்பதென்று
ஊருக்குத் தெரியவில்லை.
வந்தவர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.
அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டினோமா,
எனக்கு ஓர்மையில்லை.

ஆனி வந்தது. கடல் சிவந்து பொங்கியது.
விடியுமுன் அப்பன் கரையில் நடந்தார்.
தேங்காய், ஒற்றைச் செருப்பு, யாருடையதோ துடுப்பு.
பதினேழாம் நாள்
சாம்பல் நிறச் சாயம் பூசிய ஒரு பலகை.
கப்பல் பலகை இல்லை.
ஏதோ மீன்பெட்டியின் மூடி, ஆணித்துளை நான்கு.
அப்பன் அதை அறியாதவரா?
தோளில் வைத்துக் கோயிலுக்கு நடந்தார்.
பங்குச்சாமி ஒன்றும் கேட்கவில்லை.
பலகைக்கு மணி அடித்தது.
பலகைக்கு ஊர் திரண்டு வந்தது.
அம்மை அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அந்தக் கல்லறையும் இப்போது இல்லை.
பின்னொரு ஆனியில் கடல் அதை
நான்கு தென்னையோடும்
எங்கள் அடுக்களையோடும் எடுத்துக்கொண்டது.

நான் ஆழக்கடலுக்குப் போகிறேன், சுறாவுக்கு.
தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஏறினால்
நாற்பது நாள். சில சமயம் அந்த வடக்கே வரை.
அந்தக் கப்பலில் பிழைத்த ஒரு சங்ஙனாசேரிக்காரர்
சிகரெட் அட்டையில் எழுதித் தந்த எண்கள்
வீல்ஹவுஸில் ஒட்டியிருக்கின்றன.
அங்கே வந்தால் எஞ்சினைக் குறைப்போம்.
தூண்டில் இறக்க மாட்டோம். பேச்சும் இல்லை.
ஆழம் காட்டும் பெட்டி நாற்பத்தாறு பாகம் என்கிறது.
கேட்ட ஆள்
கேட்காத இடத்துக்குப் போய்விட்டார்.

போன மாசி.
நான் அசந்து தூங்கிவிட்டேன்.
ஷிபின் பத்தொன்பது வயது, முதல் ஓட்டம்,
யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.
எண்கள் மாறுமுன் கயிறை இறக்கிவிட்டான்.
விழித்தபோது கயிறு விறைத்து நின்றது.
"பாறையிலே மாட்டிச்சு மாமா, வெட்டட்டா?"

பொறு என்றேன்.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன்.
அலை எழும்போது இழுத்தது,
தாழும்போது விட்டது.
பாறைதான். பாறையும் அப்படித்தான் இழுக்கும்.
அண்ணன் எஞ்சின் அறையில் இருந்தவன்,
எந்தக் கதவுக்கு எந்தப் பக்கம் என்று
யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.
உள்ளங்கை கிழியும்வரை பிடித்திருந்தேன்,
பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு வெட்டச் சொன்னேன்.

கரைக்கு வந்ததும் முதலாளியின் நோட்டில் நட்டம் ஏறியது:
கயிறு ஒரு சுருள்.
தூண்டில் முந்நூற்றுப் பத்து.
இரை, சாளை.